கடெற் வரட்டும், கட்டாயம் வேண்டாம்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

தேசிய மாணவர் படையணியின் பணிப்பாளர் அவர்களுக்கும், கிழக்கு மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இதை ஒரு மறுப்புக் கடிதம் என்று நினைத்து மூடி வைத்துவிட வேண்டாம். பிள்ளைகளுக்குக் கடெற் என்கிற மாணவர் படைப் பயிற்சி இருந்தால் நல்லது என்று நினைக்கிற ஆள்தான் எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற தாதி. நகரத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் சனிக்கிழமைகளில் பாடசாலைகளுக்குப் போய் முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். சாரணர் கூப்பிட்டாலும் போவேன், கடெற் பொறுப்பாசிரியர் கூப்பிட்டாலும் போவேன். பதவியும் கிடையாது, படியும் கிடையாது. முக்கோணக் கட்டுத்துணி அடைத்த ஒரு பையும், நெஞ்சை அழுத்திப் பழக ஒரு பழைய ரப்பர் பொம்மையும் என்னிடம் உண்டு. அவ்வளவுதான். மைதானத்தில் ஆசிரியர்கள் பேசுவதும் என் காதில் விழும், வெளிவாசலில் சைக்கிளோடு காத்து நிற்கிற தாய்மார் பேசுவதும் விழும். தாய்மாரின் பேச்சு உங்கள் அலுவலகம் வரை வந்து சேர்வதாகத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். கடெற்றில் சேர்வது பிள்ளையின் விருப்பத்தோடும் பெற்றோரின் சம்மதத்தோடும் நடக்க வேண்டும். விலகுவதும் அதே அளவு இலகுவாக இருக்க வேண்டும்.

"ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறது" என்பீர்கள். எழுத்தில் இருக்கிறது, உண்மை. ஆயுதப் போரில் சிறுவரை ஈடுபடுத்துவது பற்றிய ஐக்கிய நாடுகள் விருப்ப நெறிமுறையை 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை ஏற்றுக்கொண்டது. கட்டாய ஆட்சேர்ப்பு இந்த நாட்டில் இல்லை, தானாக விரும்பிப் படையில் சேர்பவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அப்போது எழுத்தில் உறுதி கொடுத்தது. கடெற் அதற்குள் வராது, கடெற் பிள்ளை படையாள் இல்லை. எனக்கு இது தெரியும். ஆனால் சம்பூரில் இருக்கிற ஒரு தாய்க்கு இதை யார் சொன்னார்கள்? எந்தக் கடுதாசியில், எந்த மொழியில் சொன்னார்கள்?

நடக்கிறதைச் சொல்கிறேன். பாடசாலைப் பெயர் வேண்டாம், இது ஒரு பாடசாலைக் கதையும் இல்லை. மேலிடத்திலிருந்து தொலைபேசி வருகிறது, அணிக்கு ஆள் காணாதாம். அதிபர் பகுதித் தலைவருக்குச் சொல்கிறார், பகுதித் தலைவர் வகுப்பாசிரியருக்குச் சொல்கிறார். வகுப்பாசிரியர் ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று, "நீர், நீர், பின்வாங்கில இருக்கிற உயரமான ஆள்" என்று கை காட்டுகிறார். பெயர் எழுதியாயிற்று. அடுத்த சனிக்கிழமை அந்த உயரமான பெண்பிள்ளைக்கு நான் கை முறிவுக்குக் கட்டுப்போடப் பழக்கிக்கொண்டிருந்தபோது, ஏன் கடெற்றில் சேர்ந்தனீர் என்று கேட்டேன். "ரீச்சர் பேர் எழுதிப்போட்டா, மிஸ்" என்றாள். அம்மாவிடம் சொன்னீரா? "ரியூசன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

இந்தப் பிள்ளை பிறகு அருமையாகப் பழகினாள் என்பது வேறு விசயம். வீட்டுக்குப் பொய் சொல்லித்தான் ஒரு பிள்ளை அரசாங்கம் நடத்துகிற பயிற்சிக்கு வர வேண்டியிருக்கிறதென்றால், அந்த அணியின் அடித்தளம் சரியில்லை.

இன்னொரு நாள் ஒரு தாய் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு படிவம். தகப்பனின் தொழில், சகோதரர் விபரம், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் என்று நிரல் நிரலாகக் கேட்டிருந்தது. கடைசி நிரலில் விரலை வைத்துக்கொண்டு, "அக்கா, காணாமல்போன என்ர தம்பிய இதில எங்க எழுதிறது? எழுதினா மகனுக்கு ஏதும் வருமா? எழுதாட்டி ஏதும் வருமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? நடை பழகவும் கூடாரம் கட்டவும் வருகிற பதினான்கு வயதுப் பையனின் மாமன் எங்கே என்று தெரிந்து ஒரு பயிற்சியாளருக்கு ஆகப்போவது என்ன? பெயர், பிறந்த திகதி, இரத்த வகை, ஆஸ்துமா அல்லது வலிப்பு உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. இதற்கு மேல் ஒரு கேள்வியும் தேவையில்லை. இரத்த வகையைக் கேட்கிற நிரல் அந்தப் படிவத்தில் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று கொழும்பிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். எங்களுக்குச் சீருடை புதுசு இல்லை. கோணேசரைக் கும்பிடப் போகிறவர் பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, இராணுவ முகாமைத் தாண்டி, மான்களையும் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். உட்துறைமுகத்தில் கடற்படைத் தளம். சீனன்குடாவில் விமானப்படை. எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகியதே சீருடைகளுக்கு நடுவில்தான். ஆனால் அந்தச் சீருடைக்கு முன்னால் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய தலைமுறை இன்றைய பெற்றோர். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப் படையினர் 2019இல் எங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டார்கள். இன்றைக்குக் கடெற் வயதில் பிள்ளை வைத்திருக்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த மாணவர்களின் வயதுதான் அப்போது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் காற்று வாங்கப் போவதும் அதே கடற்கரைக்குத்தான்.

பயம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்ததும் இல்லை. மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றையிலும், வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் கேட்ட காலத்தில் மகளை ஒளித்து வைத்த தாய்மார் இப்போது அம்மம்மாக்கள். பேரப்பிள்ளையின் பெயரை யாரோ ஒரு பட்டியலில் எழுதினார்களாம் என்று கேள்விப்பட்டால், எழுதினது அரசாங்கமா இயக்கமா என்றா பார்ப்பார்கள்? அவர்களுக்குப் பட்டியல் என்றாலே நெஞ்சு பதறும்.

அரசாங்கமும் இந்தப் பயத்தைத் தணிக்கிற மாதிரி எப்போதும் நடந்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை 2011 மே மாதத்திலிருந்து தலைமைத்துவப் பயிற்சி என்று மூன்று வாரம் இராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். விருப்பமா என்று எவரும் கேட்கவில்லை. அதன் பிறகு பாடசாலை அதிபர்களுக்குக் கடெற் பயிற்சி நிலையம் இருக்கிற ரந்தம்பேயில் பயிற்சி கொடுத்து கேணல் பட்டம் சூட்டிய ஒரு காலமும் வந்து போனது. (கேணல் அதிபரிடம் போய் "என் பிள்ளைக்குக் கடெற் வேண்டாம் சேர்" என்று சொல்கிற துணிவு எந்தத் தகப்பனுக்கு வரும்?)

சரி, பழைய கதை என்றால் அதைவிடப் பழைய கதையும் உண்டு. இலங்கையில் கடெற் 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில், தொண்டர் காலாட்படையோடு ஒட்டித்தான் தொடங்கியது. இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியாக 1955இல் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். 1960 முதல் பத்து வருடம் கடற்படைத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் தமிழர். இருவரும் தொண்டர் அணிகள் வழியாக மேலே வந்தவர்கள். 1956இன் சிங்களம் மட்டும் மொழிச் சட்டமும், 1962இன் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சிக்குப் பின்னால் வந்த சந்தேகமும் அந்த வாசலைச் சாத்தின. மிச்சத்தை யுத்தம் பார்த்துக்கொண்டது. இதைக் குற்றப்பத்திரிகையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது ஒத்துவராது என்று உங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் சிலர் சொல்லும்போது எனக்கு இந்த இரண்டு பேரும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

மொழி விசயத்துக்கு வருகிறேன். ஒரு பாடசாலையில் அணிநடை பழக்க ஒரு கோப்ரல் தம்பி வந்தார். அநுராதபுரப் பக்கத்துப் பையன், நல்ல மனுசன். கட்டளை முழுவதும் சிங்களத்தில். பிள்ளைகள் காதால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார்கள். முன்னால் நிற்பவனின் சப்பாத்து எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் இவனும் திரும்புவான். முன்வரிசையில் நின்ற சின்னவனுக்கோ பார்க்க முன்னால் ஆள் இல்லை. எல்லோரும் இடப்பக்கம் திரும்ப அவன் மட்டும் வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்றவனோடு மூக்கும் மூக்கும் முட்டி நின்றான். மைதானமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை அந்தக் கோப்ரல் தம்பி என்ன செய்தார் தெரியுமா? ஒரு கரும்பலகையைத் தூக்கி வந்து மாமர நிழலில் சாத்தி, ஒவ்வொரு கட்டளையையும் ஒரு ஆசிரியையின் உதவியோடு தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அதன் பொருளையும் எழுதி வைத்தார். அரை மணித்தியாலத்தில் வரிசை நேரானது.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்லி, 1987இலிருந்து எத்தனை வருடம்! ஒரு கோப்ரல் வெண்கட்டியால் செய்ததை உங்கள் தலைமையகம் ஏன் அச்சடித்து எல்லாத் தமிழ்மொழிப் பாடசாலைக்கும் அனுப்பக்கூடாது? சிங்களக் கட்டளையும் பிள்ளைகள் படிக்கட்டும். ரந்தம்பே முகாமுக்குப் போனால் தேவைப்படும், படிப்பதில் நட்டமும் இல்லை. ஆனால் வெயில் தாங்காவிட்டால் கையை உயர்த்து, சுவாசம் முட்டினால் உடனே சொல்லு என்பது போன்ற பாதுகாப்பு அறிவுறுத்தல்களை அவர்களுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும். தாதியாகச் சொல்கிறேன், இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

வெயில் என்றதும் இன்னொன்று. சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகைகளில் மயங்கி விழுகிற பிள்ளைகளை நிழலுக்குத் தூக்கி வந்து காலை உயர்த்திவிடுகிற வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும். கேட்டால் பாதிப்பேர் தேத்தண்ணியோடு வந்தவர்கள். காலையில் ஒரு பணிஸும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டு அணியை நிறுத்துங்கள். அதிதி வரும் வரை நிற்க வைக்காதீர்கள், அதிதிதான் நேரத்துக்கு வர வேண்டும்.

அப்புறம், என்ன பழக்குவது என்கிற கேள்வி. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை, ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவை, கவிழ்ந்தது. பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் அந்தப் பாதையை நம்பி ஏறினார்கள். ஊர் இளைஞர்கள் குதித்தார்கள், கடற்படையினரும் வந்தார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகள் உட்பட, கரைக்கு வந்தும் பிழைக்காதவர்களும் உண்டு.

கடலும் களப்பும் மகாவலிக் கிளைகளும் சூழ்ந்த மாவட்டம் இது. 2004 சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலையே அழிந்து போனது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரை ஏறியதும் எங்கள் கரையில்தான். அப்படியிருந்தும், தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். அதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விடும். நீரில் மூழ்கி மூச்சில்லாமல் கிடப்பவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, திரும்ப 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வந்து சேரும்வரை நிறுத்தக்கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளை இதை ஒரு காலைப்பொழுதில் பழகிவிடும். நான் பழக்கியிருக்கிறேன். ரப்பர் பொம்மைக்கு மேல் குனிந்து வியர்க்க வியர்க்க எண்ணிக்கொண்டே அழுத்துகிற பிள்ளைகளைப் பார்க்க வந்த ஒரு தகப்பன், திருக்கடலூரில் வலை இழுக்கிறவர், தானும் பழகலாமா என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தார். கடெற் அணி ஊருக்குள் வருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

திருகோணமலைக் கடெற்றுக்கு அதனால் உயிர்காப்பு, நீச்சல், கயிறு கட்டுதல், வரைபடமும் திசைகாட்டியும், வானொலித் தொடர்பு, வெள்ள நேரத்தில் முகாம் நடத்துதல் இவற்றை முதலில் வையுங்கள். கடற்படைச் சுழியோடிகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், மாதம் ஒரு காலை அனுப்பினால் போதும். துப்பாக்கி சுடுதல் கடெற்றில் பழைய காலம் தொட்டு உள்ளது என்பது தெரியும். போட்டிக்குப் போகிற அணிகள் அதை விட மாட்டா. எங்கள் மாவட்டத்தில் அதைத் தனியாகப் பிரித்து, பெற்றோர் வேறாகக் கையெழுத்திட்டால் மட்டும் என்று வையுங்கள். துப்பாக்கி தொடாத பிள்ளைக்கு அணியில் மதிப்புக் குறையவும் கூடாது.

பயிற்றுவிப்பவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கடெற் பொறுப்பாசிரியர்கள் பாவம். சனிக்கிழமை வீடு இல்லை, பிள்ளைக்குச் சப்பாத்து இல்லையென்றால் சொந்தப் பணம், முகாமுக்குப் போனால் ஒரு கிழமைப் பாடத்தை வந்து இரட்டிப்பாக முடிக்க வேண்டும். இதற்கு மேல் ஊரில் "ஆமி ரீச்சர்" என்று பெயரும் வாங்க வேண்டும். இவர்களோடு தோள்கொடுக்க ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாதிமார், நிலாவெளி ஹோட்டல்களில் உயிர்காப்பு வேலை பார்க்கிற பொடியள், கடலை உள்ளங்கை போல அறிந்த மீனவர்கள், பழைய சாரணர்கள். இவர்களைப் பதவியும் சீருடையும் இல்லாமலே பயிற்றுநர்களாகச் சேர்த்துக்கொள்ள ஒரு ஒழுங்கு செய்யுங்கள். வாசலில் நிற்கிற தாய்க்கு உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும்.

வளர்ந்தவர்கள் படைகளின் தொண்டர் பிரிவுகளில் சேர்வது வேறு கதை. 18 தாண்டிய ஒருவர் இராணுவத்தின் தொண்டர் அணியிலோ கடற்படையின் தொண்டர் அணியிலோ சேர நினைத்தால் அது அவர் பாடு, அவர் குடும்பத்தின் பாடு. அதற்கு நான் ஆலோசனையும் சொல்ல வரவில்லை. கடெற் நடக்கிற மைதானத்தில் அந்தத் துண்டுப்பிரசுரம் மட்டும் வேண்டாம். ஆட்சேர்ப்பு மேசையைப் பாடசாலை மதிலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கடெற் என்ற சொல்லைக் கேட்டதும் இராணுவமயமாக்கல் என்று எழுந்து போகிற எங்கள் ஆட்களுக்கும் இதிலே ஒரு வரி. உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு, மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் சம்பூரில் கடற்படையிடம் இருந்த பாடசாலையும் காணியும் 2016இல்தான் திரும்பி வந்தன. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகமும் இல்லை, சுற்றுலாவும் இல்லை, பாண்ட் வாத்தியமும் இல்லை. மாவட்டத்தை விட்டு வெளியே ஒரு இரவு தங்கியிராத பெண்பிள்ளை முகாமுக்குப் போய் வந்து, அதற்குப் பிறகு கூட்டத்தில் எழுந்து பேசுகிறாள். அதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு என்ன கொடுக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் இருவரிடமும் கேட்பது இதுதான். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் திருகோணமலையில் பெற்றோருடன் ஒரு கூட்டம் வையுங்கள். தமிழில் அச்சடித்த சம்மதப் படிவம் ஒன்றை வரைவாகக் கொண்டு வாருங்கள், அங்கேயே வாசித்துத் திருத்துவோம். பெயரைப் பின்பு வெட்ட விரும்பினால் யாரிடம் போவது, எத்தனை நாளில் வெட்டப்படும், அதனால் நற்சான்றிதழில் ஒன்றும் எழுதப்படாது என்பது அந்தத் தாளிலேயே இருக்கட்டும். கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வைத்தால் மூதூர், வெருகல் பக்கத்து ஆட்களும் பஸ் பிடித்து வந்து போகலாம். மண்டபம் பார்ப்பதும் தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு. சிங்களத்தில் பேசுவதானால் மொழிபெயர்க்க ஆசிரியைகள் இருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு மட்டும் சீருடையில்லாமல், சாதாரண உடுப்பில் வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு முதலுதவிப் பயிற்றுநர்,
திருகோணமலை.